மந்திரி பதவியைப் பறித்த கேள்வி

தவறாமல் இன்சூரன்சுக்குப் பணம் கட்டுகிறவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ரசீதை நான்காக மடித்து, பெட்டியின் அடியில், வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பார். "நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது" என்று கட்டுகிற பணம் அது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

அந்தப் பணத்தைத் தூக்கி, கடனில் மூழ்கித் தத்தளித்துக்கொண்டிருந்த ஒரு வியாபாரியின் கம்பெனிகளில் போட்டால் எப்படி இருக்கும்?

அப்படி ஒரு காரியம் 1957-ம் ஆண்டில் நடந்தது. ஆயிரம், பதினாயிரம் அல்ல. ஏறத்தாழ 1¼ கோடி ரூபாய்! ஒரு பவுன் தங்கம் 100 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அன்றைய 1¼ கோடி எவ்வளவு பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதை அம்பலத்துக்குக் கொண்டுவந்தது போலீசு அல்ல, கோர்ட்டும் அல்ல. பாராளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கேட்ட கேள்விகள்தான். அந்தக் கேள்விகளின் முடிவில் இந்தியாவின் நிதி மந்திரி ராஜிநாமா செய்தார். அவர் வேறு யாரும் அல்ல. நம் சென்னையைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

அந்தக் கதையைச் சொல்லுமுன், பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

காலை 11 மணி

நாம் ஓட்டுப்போட்டு அனுப்பும் உறுப்பினர்கள் அமரும் இடம் மக்கள் சபை. லோக்சபை என்பதும் அதுதான். சபை கூடும் நாட்களில் காலை 11 மணிக்குச் சபாநாயகர் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலை, கேள்வி நேரம். சரியாக ஒரு மணி நேரம். நம்முடைய மாநிலச் சட்டசபையிலும் நாளின் தொடக்கம் கேள்வி நேரம்தான்.

நினைத்தவுடன் எழுந்து கேட்டுவிட முடியாது. மக்கள் சபையில் கேள்வியை எழுதி, முழுதாக 15 நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மந்திரி விவரம் சேகரிக்க அவகாசம் வேண்டும் அல்லவா? எந்த இலாகா மந்திரி எந்தக் கிழமையில் பதில் சொல்வது என்பதற்கும் முறை உண்டு.

ஏராளமான கேள்விகள் வந்து குவிகின்றன. எல்லாவற்றுக்கும் வாயால் பதில் சொல்ல நேரம் ஏது? ஆகவே சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, எந்தக் கேள்விகள் முதலில் என்று முடிவு செய்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கும். அவற்றின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அதனால் அவற்றுக்கு "நட்சத்திரக் கேள்வி" என்று பெயர். இந்தக் கேள்விகளுக்கு மந்திரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரம் இல்லாத கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். அந்தப் பட்டியல் ஒரு நாளைக்கு 230 வரை போகலாம்.

கேள்வி கேட்பதிலும் வரம்பு உண்டு. "இந்தப் பாலம் கட்ட எவ்வளவு செலவாயிற்று? ஏன் இன்னும் முடியவில்லை?" என்று கேட்கலாம். "உங்கள் ஆட்கள் தின்றுவிட்டதால்தானே முடியவில்லை?" என்று கேட்டால் செல்லாது. கேள்வியில் குத்தல் இருக்கக்கூடாது, வாதம் இருக்கக்கூடாது, கோர்ட்டில் இருக்கும் வழக்கைப் பற்றி இருக்கக்கூடாது. கேட்பது விவரமாக இருக்க வேண்டும். கேள்வியை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்மானிப்பவர் சபாநாயகர்.

இந்த உரிமை நமக்குச் சும்மா வரவில்லை. வெள்ளைக்காரர் ஆட்சியில், 1892-ம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் சட்ட சபையில் கேள்வி கேட்க வழி பிறந்தது. 1893-ல் வடக்கே பிங்கா சமஸ்தானத்து ராஜா முதல் கேள்வியைக் கேட்டார். எதைப் பற்றித் தெரியுமா? ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் முகாமுக்குச் சாமான் கொடுத்து அல்லல்படும் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றி! ராஜா கேட்டாலும் கேள்வி பெட்டிக்கடைக்காரருக்காக இருந்தது.

ஆனால் அன்று ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில். அத்தோடு சரி. பதில் கேட்டவருக்குத் திருப்தி இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். திருப்பிக் கேட்கும் உரிமை 1909-ம் ஆண்டில் வந்தது. அதுவும் முதல் கேள்வி கேட்டவருக்கு மட்டும். மற்ற உறுப்பினர்களும் தொடர்ந்து கேட்கலாம் என்பது 1919-ம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்தது.

மிட்டாய் வாங்கிய பையன்

இப்படித் தொடர்ந்து கேட்பதற்கு "உபகேள்வி" என்று பெயர். துணைக் கேள்வி என்றும் சொல்வார்கள். கேள்வி நேரத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். கடைக்கு அனுப்பிய பையன் திரும்பி வருகிறான். கையில் சில்லறை குறைகிறது. "பத்து ரூபாய்க்கு மிட்டாய் வாங்கினாயா?" என்று தாய் கேட்கிறாள். "இல்லை அம்மா" என்கிறான் பையன். அவன் சொன்னது பொய் அல்ல. அவன் வாங்கியது ஒன்பது ரூபாய்க்கு!

விவரம் தெரிந்த தாய் அதோடு விடமாட்டாள். "சரி, எவ்வளவுக்கு வாங்கினாய்? எந்தக் கடையில்? யார் வாங்கச் சொன்னது?" என்று அடுக்கடுக்காகக் கேட்பாள். மூன்றாவது கேள்வியில் பையன் மாட்டிக்கொள்வான்.

முதல் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுப்பவர்கள் அதிகாரிகள். மந்திரி அதை வாசித்துவிடலாம். உபகேள்வி எந்தத் திசையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு மந்திரி தானே பதில் சொல்ல வேண்டும். தன் இலாகாவில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறதா, இல்லையா என்பது அந்த நிமிடத்தில் வெட்டவெளிச்சம் ஆகிவிடும்.

இனி கதைக்கு வருவோம்.

யார் இந்த முந்த்ரா?

1956-ம் ஆண்டுக்கு முன்பு ஆயுள் இன்சூரன்சு தனியார் கையில் இருந்தது. சில முதலாளிகள் ஜனங்களின் இன்சூரன்சுப் பணத்தைத் தங்கள் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். பெரோஸ் காந்தி என்ற உறுப்பினர் 1955-ம் ஆண்டு டிசம்பரில் இதை மக்கள் சபையில் புட்டுப்புட்டு வைத்தார். அடுத்த மாதமே, ஆயுள் இன்சூரன்சை ஏற்றுக்கொள்வதாகச் சர்க்கார் அறிவித்தது. 245 நிறுவனங்களை ஒன்றாகச் சேர்த்து, 1956 செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்சூரன்சு கார்ப்பரேஷன் பிறந்தது. இன்று எல்.ஐ.சி. என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்.

"இனிமேல் நம் பணம் சர்க்கார் கையில். பயம் இல்லை" என்று ஜனங்கள் நிம்மதியாக இருந்தார்கள். பிறந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அதற்குள் வந்தது வினை.

கல்கத்தாவில் ஹரிதாஸ் முந்த்ரா என்று ஒரு வியாபாரி. பங்கு மார்க்கெட்டில் துணிந்து விளையாடியவர். பழைய வெள்ளைக்காரக் கம்பெனிகளின் பங்குகளை வாங்கிக் குவித்து, கழுத்து மட்டும் கடனில் நின்றார். 1957 ஜூன் மாதம் அவருக்கு நெருக்கடி முற்றியது. அந்தச் சமயத்தில் எல்.ஐ.சி. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை மொத்தமாக வாங்கியது. ரிச்சர்ட்சன் குரூடாஸ், ஜெசப், ஸ்மித் ஸ்டானிஸ்டிரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் ஆகியவை அந்த ஆறும்.

எல்.ஐ.சி. பணத்தை எதில் போடலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே ஒரு முதலீட்டுக் கமிட்டி இருந்தது. பங்கு மார்க்கெட்டின் நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் அதில் இருந்தார்கள். அந்தக் கமிட்டியைக் கேட்கவே இல்லை! வாங்கி முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சேதி போயிற்று. பெண் பார்க்காமல், ஜாதகம் பார்க்காமல், தாலி கட்டிய பிறகு வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னதுபோல ஆயிற்று.

மாமனார் ஆட்சி, மருமகன் கேள்வி

1957 செப்டம்பரில் மக்கள் சபையில் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. முதல் கேள்வி, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் பங்குகளைப் பற்றியது. பதில் வந்தது. அதில் முழு விவரம் வரவில்லை. மிட்டாய் வாங்கிய பையனை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் விடவில்லை. அடுத்த கூட்டத்திலும் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்களில் முன்னணியில் நின்றவர் பெரோஸ் காந்தி. ரேபரேலி தொகுதி உறுப்பினர். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, ஆளும் காங்கிரஸ் கட்சிக்காரர். அதைவிட ஆச்சரியம், அப்போதைய பிரதம மந்திரி நேருவின் மருமகன் அவர். இந்திரா காந்தியின் கணவர். மாமனாரின் மந்திரி சபையைப் பார்த்து மருமகன் கேள்வி கேட்டார்.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, அது நமக்கு வேண்டாம். சபையில் நடந்ததைப் பார்ப்போம்.

1957 டிசம்பர் 16-ந் தேதி. விவாதம் தொடங்கியது. பெரோஸ் எழுந்தார். "இன்று பலத்த அடி விழும். நான் அடித்தால் பலமாக அடிப்பேன். திருப்பி அதைவிடப் பலமாக விழும் என்றும் எனக்குத் தெரியும்" என்ற பொருளில் பேச்சை ஆரம்பித்தார். எதிர்த் தரப்பிடம் டி.என்.டி. வெடிமருந்து ஏராளமாக இருக்கிறது என்றும் சொன்னார். "டி.டி.கே." என்று எல்லோரும் அழைக்கும் மந்திரியின் பெயரோடு வைத்த வேடிக்கை அது. இவ்வளவு பெரிய காரியம் நடக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதே குற்றம் என்றும் அவர் சொன்னார்.

வேடிக்கை அத்தோடு நின்றது. பிறகு வந்தவை எல்லாம் தேதிகளும் தொகைகளும். எந்தக் கம்பெனியின் பங்கு என்ன விலையில் இருந்தது? எல்.ஐ.சி. என்ன விலை கொடுத்தது? வாங்குவதற்கு முந்தின நாட்களில் விலை ஏறியது எப்படி? யார் சொல்லி வாங்கினார்கள்? கமிட்டியை ஏன் கேட்கவில்லை?

"கல்கத்தா பங்கு மார்க்கெட் சரிந்துவிடாமல் தாங்குவதற்காக வாங்கினோம்" என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொன்னார்கள். மார்க்கெட்டைத் தாங்க வேண்டுமானால் ஒரே ஆளின் ஆறு கம்பெனிகளை மட்டும் ஏன் தாங்க வேண்டும்? கேள்விகள் குறையவில்லை, கூடின.

ஒலிபெருக்கி வைத்த விசாரணை

விசாரணை வைப்பதைத் தவிர நேருவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. 1958 ஜனவரியில் பம்பாய் ஐகோர்ட்டின் தலைமை நீதிபதி எம்.சி.சக்ளாவைத் தனி விசாரணைக் கமிஷனாக நியமித்தார்கள்.

விசாரணை பம்பாயில் பகிரங்கமாக நடந்தது. நிதி மந்திரி, நிதி இலாகா காரியதரிசி எச்.எம்.பட்டேல், ரிசர்வ் வங்கிக் கவர்னர், எல்.ஐ.சி. தலைவர் என்று பெரிய பெரிய மனிதர்கள் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். சாதாரண ஜனங்கள் திரண்டு வந்தார்கள். உள்ளே இடம் இல்லாமல், வெளியே நிற்பவர்கள் கேட்பதற்கு ஒலிபெருக்கி வைத்தார்கள். தங்கள் பணம் எங்கே போயிற்று என்று தங்கள் காதாலேயே கேட்டார்கள்.

விசாரணை இழுத்தடிக்கவில்லை. நியமித்து ஏறத்தாழ ஒரு மாதத்தில், பிப்ரவரியிலேயே, அறிக்கை வந்துவிட்டது! இன்றைக்கு விசாரணைக் கமிஷன்கள் எடுத்துக்கொள்ளும் காலத்தைப் பார்ப்பவர்களுக்கு இதை நம்புவது கடினம்.

விசாரணையில் மந்திரி, "காரியதரிசி செய்ததற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை" என்றார். காரியதரிசியோ, "மந்திரிக்குத் தெரியும்" என்றார். சக்ளா என்ன சொன்னார்? மார்க்கெட்டைத் தாங்கினோம் என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. வியாபார முறைப்படி நடந்த கொள்முதல் இது அல்ல என்றார். தன் இலாகா அதிகாரி செய்ததற்கு மந்திரிதான் பொறுப்பு; அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் மந்திரி ஒளிந்துகொள்ள முடியாது என்றார். விஷயம் வெளிவந்த உடனே மந்திரி அதைத் தன்னுடையது அல்ல என்று கைகழுவவில்லை என்பதும் அவருக்கு எதிராக நின்றது.

இன்னொன்றும் சக்ளா சொன்னார். மந்திரிகள் எல்லா விவரங்களையும் தொடக்கத்திலேயே பாராளுமன்றத்தின் முன் வைத்துவிட வேண்டும் என்றார். செப்டம்பரில் முதல் கேள்விக்கே முழுப் பதில் வந்திருந்தால், நிதி மந்திரி இவ்வளவு தூரம் சிக்கியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தப்பு நடந்துவிட்டது என்று அன்றே ஒப்புக்கொண்டிருந்தால், தலைவலியோடு போயிருக்கும்.

1958 பிப்ரவரி 18-ந் தேதி டி.டி.கே.யின் ராஜிநாமா சபையில் அறிவிக்கப்பட்டது. பட்ஜெட்டுக்கு இன்னும் பத்து நாள்தான். நிதி மந்திரி இல்லை! நேருவே நிதி இலாகாவை எடுத்துக்கொண்டு, பிப்ரவரி 28-ந் தேதி பட்ஜெட்டைப் படித்தார்.

டி.டி.கே. சாதாரண ஆள் அல்ல. வியாபாரத்தில் பேர் எடுத்தவர். அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவில் இருந்தவர். கெட்டிக்காரர் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். அவர் ஒரு காசு எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. 1962-ல் மறுபடியும் மந்திரி சபைக்கு வந்தார். 1963-ல் மறுபடியும் நிதி மந்திரி ஆனார். காரியதரிசியாக இருந்த எச்.எம்.பட்டேலும் பின்னாளில் அரசியலுக்கு வந்தார். 1977-ல் ஜனதா ஆட்சியில் நிதி மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான்! முந்த்ரா ஜெயிலுக்குப் போனார்.

"பரிசீலிக்கப்படும்"

"எல்லாக் கேள்விக்கும் இப்படியா பலன் கிடைக்கிறது?" என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. "விவரம் சேகரிக்கப்படுகிறது", "பரிசீலிக்கப்படும்" என்று மந்திரிகள் சொல்லி உட்கார்ந்துவிடுவது உண்டு. அதற்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது. மந்திரி சபையில் கொடுக்கும் வாக்குறுதிகளைக் குறித்துவைத்துக் கேட்பதற்கென்று மக்கள் சபையில் 1953 முதல் ஒரு கமிட்டி இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. முறைதான், எல்லாம் அப்படியே நடக்கிறது என்று நான் சொல்லவில்லை.

கூச்சலிலும் குழப்பத்திலும் கேள்வி நேரம் முழுதாகப் போய்விடும் நாட்களும் உண்டு. அது மந்திரிக்கு நஷ்டம் அல்ல. அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். நஷ்டம், 15 நாளைக்கு முன்பு கேள்வி எழுதிக் கொடுத்த உறுப்பினருக்கும், அவரை அனுப்பிய ஊருக்கும்தான்.

கேள்வியை விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியதை ரகசியக் காமிரா படம் பிடித்துக் காட்டியது. 2005 டிசம்பரில் மக்கள் சபை உறுப்பினர்கள் 10 பேரும், ராஜ்ய சபை உறுப்பினர் ஒருவரும் பதவியிலிருந்தே நீக்கப்பட்டார்கள்.

கேள்வி நேரமே இல்லாமல் சபை நடந்ததும் உண்டு. 1975-ல் நெருக்கடி நிலை வந்தவுடன் கூடிய கூட்டத்தில் கேள்வி நேரம் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள். 2020 செப்டம்பரில் கொரோனா காரணமாக நிறுத்தினார்கள். எழுத்தில் மட்டும் பதில் வந்தது. உபகேள்விக்கு இடம் இல்லை.

பெரோஸ் செய்த இன்னொரு காரியம்

சபைக்குள் கேட்பது சபைக்குள்ளேயே நின்றுவிட்டால் நமக்கு என்ன பயன்? உங்களுக்கும் எனக்கும் தெரிய வேண்டுமே!

அந்தக் காலத்தில் பத்திரிகைகளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. சபையில் உறுப்பினர் எது பேசினாலும் அவர் மேல் வழக்குப் போட முடியாது. அதையே பத்திரிகை அச்சடித்தால், பத்திரிகை மேல் மானநஷ்ட வழக்குப் போடலாம். முதலாளியின் வக்கீல் நோட்டீசுக்குப் பயந்து பத்திரிகைகள் செய்தியை மென்று விழுங்க வேண்டியிருந்தது.

இதை மாற்ற பெரோஸ் காந்தி தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்கார் மசோதா அல்ல. ஒரு தனி உறுப்பினர் மசோதா. 1956-ம் ஆண்டில் அது சட்டம் ஆயிற்று. கெட்ட எண்ணம் இல்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதினால், பாராளுமன்ற நடவடிக்கையைப் பிரசுரித்ததற்காகப் பத்திரிகை மேல் வழக்குப் போட முடியாது என்பது அந்தச் சட்டம். அடுத்த வருஷம் முந்த்ரா விவகாரம் வெடித்தபோது பத்திரிகைகள் பயமில்லாமல் எழுதின.

பெரோஸ் 1960 செப்டம்பர் 8-ந் தேதி மாரடைப்பால் காலமானார். 48 வயது கூட முடியவில்லை.

நெருக்கடி நிலையின்போது அவர் கொண்டுவந்த சட்டத்தை ரத்து செய்தார்கள். அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் அவருடைய மனைவி இந்திரா காந்தி. 1977-ல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய திருத்தத்தின் மூலம், இனி யாரும் சுலபமாக எடுத்துவிட முடியாதபடி, அதை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இந்த முறை மாநிலச் சட்டசபைகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.